கொம்பு முளைத்த ஆமை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். பாதியில் தூக்கம் வந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். முப்பத்து மூன்று வருடம் மதியப் பாடவேளை எடுத்தவள் நான், தூங்கும் முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

கிடைக்கவே கிடைக்காத பொருளைக் 'குதிரைக் கொம்பு' என்போம். இல்லாத ஒன்றைச் சொல்ல 'முயல் கொம்பு' என்போம். ஆமைக்கு மயிர் முளைத்த கதையும் அதே ரகம்தான். ஆனால் ஆமைக்குக் கொம்பு என்று யாராவது கேலியாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். அது உண்மையிலேயே இருந்தது. அதன் பெயர் மயோலானியா.

கற்பனை செய்து பாருங்கள். ஓடு மட்டுமே சுமார் ஒரு மீட்டர் நீளம். நிலத்தில் நடக்கிற, இலைதழை தின்கிற ஆமை. பல் கிடையாது, கிளி மூக்கு மாதிரி வளைந்த அலகு. தலையின் இரண்டு பக்கமும் மாட்டுக்கு இருப்பதுபோல் கொம்பு. வால் முழுக்க வளையம் வளையமாக எலும்புக் கவசம், வாலின் நுனியில் கதாயுதம் போல ஒரு முள் குண்டு. டைனோசர் படங்களில் வாலைச் சுழற்றி அடிக்கும் ஒரு வகை வருமே, அந்த மாதிரி வால்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அடக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையைத்தானே உவமை சொல்கிறார்? தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமை. மயோலானியாவால் அது முடியாது. கொம்பு இடிக்கும்! தலையை உள்ளே இழுக்க முடியாத ஆமை அது. வள்ளுவர் பார்த்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்.

பெயர் வந்த கதையும் சுவையானது. ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய அறிஞர்தான் 1842-ல் 'டைனோசர்' என்ற சொல்லுக்கு வழிவகுத்தவர். எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்து விலங்கைச் சொல்வதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. ஆஸ்திரேலியாவில் கிடைத்த மிகப்பெரிய பல்லி ஒன்றின் முதுகெலும்புகளை வைத்து 1859-ல் அதற்கு 'மெகலானியா' என்று பெயர் வைத்தார். பெரிய திரிவோன் என்று பொருள். பிறகு குவீன்ஸ்லாந்திலிருந்து கொம்புள்ள ஒரு மண்டையோடு வந்தது. அதையும் அந்தப் பல்லியின் தலை என்றே எடுத்துக்கொண்டார். அடுத்து, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடல் நடுவில் இருக்கும் லார்டு ஹோவ் தீவிலிருந்து அதே சாயலில், அளவில் சிறிய கொம்புத் தலைகள் வந்தன. 1886-ல் அவற்றுக்கு 'மயோலானியா' என்று பெயர் சூட்டினார். சின்னத் திரிவோன். அதாவது அவர் கணக்கில் இது சின்னப் பல்லி.

மறு வருடமே, 1887-ல், தாமஸ் ஹக்ஸ்லி எழுதினார்: ஐயா, இது பல்லி இல்லை, ஆமை. இருவருக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். டார்வினின் கொள்கையை ஒட்டி இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக வாதம் செய்தவர்கள். ஹக்ஸ்லி புதுப் பெயரே வைத்தார், 'செரட்டோகெலிஸ்'. தமிழில் சொன்னால் கொம்பாமை. எவ்வளவு பொருத்தம்! ஆனால் விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயருக்கே உரிமை. அதனால் பல்லி என்று நினைத்து வைத்த பெயரையே அந்த ஆமை இன்றைக்கும் சுமக்கிறது. ஓவனின் 'பெரிய பல்லி'யையும் பிற்பாடு பிரித்துப் பார்த்தார்கள். முதுகெலும்பு பல்லியுடையது. தலை ஆமையுடையது. பாதமோ கங்காரு போல வயிற்றில் பை உள்ள ஒரு பெரிய விலங்கினுடையது! மூன்று விலங்கைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார்கள்.

அந்தக் குவீன்ஸ்லாந்துத் தலைக்குச் சொந்தமான ஆமைக்கு 1992-ல் அமெரிக்க ஆய்வாளர் யூஜீன் காஃப்னி 'நிஞ்செமிஸ்' என்று பெயர் வைத்தார். ஆமாம், பேரப்பிள்ளைகள் பார்க்கும் அந்த நிஞ்சா ஆமைகளை நினைத்துத்தான் வைத்தார். அறிவியல்காரர்களுக்குச் சிரிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

இந்தக் கொம்பாமைக் குடும்பம் சின்னக் குடும்பம் இல்லை. அர்ஜென்டினாவின் படகோனியாவில் சுமார் 5 கோடி ஆண்டு பழைய உறவினரின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக் கிடந்த காலத்தின் சாட்சி அது. அந்தப் பெருங்கண்டத்தை கோண்டுவானா என்கிறோம். நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயர்தான் அது. உலகத்தின் தென்பாதிக்கே நம் பழங்குடி ஒன்றின் பெயர்!

லார்டு ஹோவ் தீவு ஆஸ்திரேலியக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுமார் 70 லட்சம் வருடம் முன்பு எரிமலை கக்கி உருவானது. பெருநிலத்தோடு என்றைக்கும் ஒட்டியிருந்ததில்லை. பின் ஆமை எப்படிப் போனது? அந்தப் பக்கம் கடலுக்கடியில் மூழ்கிப்போன பழைய தீவுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று மூழ்க மூழ்க அடுத்ததற்கு மிதந்தும் நீந்தியும் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். வாடகை வீடு மாறுவது போல!

அந்தத் தீவுக்கு 1788-ல்தான் முதல் கப்பல் வந்தது. அதற்கு முன் மனிதன் அங்கே கால் வைத்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. கப்பல் வந்தபோது கொம்பாமை இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, யாரும் பார்க்காமல், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அது போய்விட்டது. அந்த மரணத்தில் நம் கை இல்லை.

இதுவரை சொன்னது சுவாரஸ்யத்துக்கு. இனி சொல்லப்போவதற்குத்தான் இந்தப் பதிவே.

சென்ற மாதம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. 'நம் முன்னோர்கள் இயற்கையோடு இணைந்து வாழ்ந்தார்கள். ஒரு உயிரையும் அழித்ததில்லை. எந்திரமும் பேராசையும் வந்த பிறகுதான் அழிவு வந்தது.' படிக்க இதமாக இருந்தது. நாற்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். நான் கூப்பவில்லை. ஏன் டீச்சர் மௌனம் என்று ஒரு மாணவன் தனியாகக் கேட்டான். அவனுக்கான பதில் பசிபிக் கடலின் வனுவாட்டு நாட்டில் இருக்கிறது.

அங்கே எஃபாட்டே என்ற தீவில் தெயூமா என்று ஓர் இடம். 2004-ல் இறால் பண்ணைக் குளத்துக்காக மண் எடுக்கும்போது ஒரு பழைய இடுகாடு வெளிப்பட்டது. சுமார் 3000 ஆண்டு பழையது. லபிட்டா மக்கள் என்று சொல்கிறார்கள். பல் பல்லாகக் குத்திய கோலம் போட்ட மட்பாண்டங்கள் செய்தவர்கள். திசைகாட்டி இல்லாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்து, கரையே தெரியாத கடலைப் படகில் தாண்டி, மனிதன் பார்த்திராத தீவுகளில் முதன்முதலாக இறங்கியவர்கள். மாபெரும் மாலுமிகள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அந்த இடுகாட்டை ஒட்டி அவர்களுடைய குப்பை மேடும் கிடைத்தது. அடுக்களைக் கழிவு. அதில் பெரிய நில ஆமையின் எலும்புகள். 2010-ல் ஆய்வுக்கட்டுரை வந்தது. பெரும்பாலும் கால் எலும்புகள். தலையும் வாலும் ஓடும் மிகக் குறைவு. ஏன்? வேறெங்கோ பிடித்து, அங்கேயே வெட்டி, கறி உள்ள கால்களை மட்டும் ஊருக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். நம் வீட்டுக் குப்பையைக் கிளறினால் நேற்று என்ன குழம்பு என்று தெரியாதா? அப்படித்தான்.

கொம்புள்ள மண்டையோடு அங்கே கிடைக்காததால், மயோலானியா என்று எழுதியவர்களே பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுத்தான் எழுதினார்கள். இது வேறு வகை நில ஆமையாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. கேள்விக்குறியோடு பெயர் வைக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த ஆமையாக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். மனிதர்கள் வந்திறங்கியபோது தீவில் பெரிய ஆமைகள் இருந்தன. சில நூறு ஆண்டுகளுக்குள் குப்பை மேட்டில் ஆமை எலும்பு விழுவது நின்றுபோனது. அதன் பிறகு ஆமை இல்லை.

துப்பாக்கி இல்லை. தொழிற்சாலை இல்லை. விற்பனை இல்லை. பேராசைகூட இல்லை. பசி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், ஓடத் தெரியாத கறி இருந்தது. கூடவே அவர்கள் படகில் வந்த பன்றியும் எலியும் இருந்தன. முட்டைகளும் தப்பியிருக்காது.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று நாம் பழமொழி வைத்திருக்கிறோம். ஆமைகள் பழமொழி வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அத்தனை கவசம் இருந்தும் ஏன் தாங்கவில்லை? கரும்பலகை இல்லாத குறைக்கு இங்கேயே ஒரு கணக்குப் போடுகிறேன். இது கற்பனைக் கணக்கு, புரிந்துகொள்ள மட்டும். ஒரு தீவில் 1000 ஆமைகள். வருடத்துக்கு 20 ஆமை வயதாகிச் சாகிறது, 20 குஞ்சு தப்பிப் பிழைத்துப் பெரிதாகிறது. வரவும் செலவும் சமம். கோடி வருடம் இப்படியே ஓடும். இப்போது ஒரு சிறு கிராமம் வருகிறது. மாதத்துக்கு ஒரே ஒரு ஆமை. பண்டிகைக்கோ விருந்தாளிக்கோ, ஒன்றே ஒன்று. வருடத்துக்கு 12 கூடுதல் செலவு. எத்தனை வருடத்தில் கையிருப்பு தீரும்?

சுமார் 83 வருடம். கோழியாக இருந்தால் ஈடுகட்டிவிடும். பெரிய ஆமை முட்டையிடும் வயதுக்கு வரவே பல வருடம் ஆகும்.

83 வருடம் என்றால் என்ன? தாத்தா, அப்பா, மகன். தாத்தா காலத்தில் காட்டுக்குள் போனாலே ஆமை. அப்பா காலத்தில் தேடிப்போக வேண்டும். மகன் காலத்தில் எப்போதாவது ஒன்று, அன்று ஊரே கூடும். மகன் தன் வாழ்நாளில் ஆமை அழிந்ததைப் பார்க்கவே இல்லை. அவன் அறிந்த உலகத்தில் ஆமை எப்போதுமே அபூர்வம்தான். கடைசி ஆமையைச் சாப்பிட்டவனுக்கு அது கடைசி என்று தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை. எண்ணிவைக்க ஆளும் இல்லை, எழுதிவைக்க ஏடும் இல்லை.

அதனால் அந்த மாணவனுக்கு நான் எழுதியது இதுதான்: முன்னோர்களை வில்லன் ஆக்காதே, தெய்வமும் ஆக்காதே. அவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

தெரிந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதே லார்டு ஹோவ் தீவே உதாரணம். 1918-ல் ஒரு கப்பல் அங்கே தரைதட்டியது. அதிலிருந்து இறங்கிய எலிகள் தீவில் பரவின. கைநீளம் இருக்கும் பெரிய கறுப்புக் குச்சிப்பூச்சி ஒன்று அங்கே வாழ்ந்தது. இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போனது. அழிந்தது என்றே எழுதிவிட்டார்கள். 2001-ல், 23 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் செங்குத்தாக நிற்கும் ஒரு மொட்டைப் பாறையில், ஒரு புதருக்கடியில் சில பூச்சிகள் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். கணக்கெடுத்ததில் முப்பதுகூடத் தேறவில்லை. ஒரு ஜோடியை மெல்போர்ன் விலங்குக்காட்சி சாலைக்குக் கொண்டுபோய்ப் பெருக்கினார்கள். 2019-ல் தீவு முழுவதும் எலி ஒழிப்பு நடத்தினார்கள். ஒரு பூச்சிக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அது போவதை எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் அதைத் திரும்பத் தேடவும் ஆள் இருந்தது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

என் தம்பி போன வருடம் புது வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில், பூஜையறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு நட்சத்திர ஆமை. ஓட்டின் மேல் மஞ்சள் நட்சத்திரம் நட்சத்திரமாக, அவ்வளவு அழகு. வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லி வளர்ந்த அதே பிள்ளை! 'எல்லாரும் வச்சிருக்காங்க அக்கா. ஒண்ணே ஒண்ணுதானே. நான் என்ன கறியா திங்கப்போறேன், ராஜா மாதிரி வச்சுப்பேன்' என்றான்.

ஒன்றே ஒன்று. மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

நட்சத்திர ஆமை நம் தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் ஆந்திரத்திலும், வடமேற்கே குஜராத், ராஜஸ்தான் பக்கமும், இலங்கையிலும் இருக்கும் உயிர். சில முட்டைகள்தான் இடும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணியோடு துணியாக நூற்றுக்கணக்கில் பிடிபட்ட செய்தியை எத்தனை முறை படித்திருப்போம்? 2019-ல் உலக நாடுகள் கூடி அதன் வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை போட்டன. நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைப்பதே குற்றம். காட்டிலிருந்து எடுத்ததைத் திருப்பி விடுவதும் சுலபமில்லை. எந்தக் காட்டு ஆமை என்று தெரியாது, வீட்டு நோயைக் காட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

விசேஷ வீட்டில் எதுவும் பேசவில்லை. மறுநாள் போனில் சொன்னேன். ஒரு வாரம் டைம் தருகிறேன், நீயாக வன அலுவலகத்தில் ஒப்படைத்துவிடு, இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன் என்று. ஆறாம் நாள் ஒப்படைத்துவிட்டான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. எட்டு மாதம் ஆகிறது. தீபாவளிக்கும் வரவில்லை. அம்மாவுக்கு வயது 87. 'ஒரு ஆமைக்காகக் கூடப்பொறந்தவனை இப்படிப் பண்ணிட்டியேடி' என்கிறார். அவனிடம், 'அவ டீச்சர்டா, அவ புத்தி அப்படித்தான்' என்று சமாதானம் சொல்கிறாராம். இரண்டு பக்கமும் பேசுகிற ஒரே ஆள் அம்மாதான்.

செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்காக வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். தம்பி எங்கள் வீட்டுக்கு வருவது இப்போது நிஜமாகவே குதிரைக் கொம்பு ஆகிவிட்டது.

அவன் இதைப் படிப்பான், தெரியும். லைக் போட மாட்டான், அதுவும் தெரியும். அவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, நீ கெட்டவன் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. தெயூமாவில் ஆமைக்காலைத் தூக்கி வந்தவனும் கெட்டவன் இல்லை, அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருந்திருப்பார்கள். அவனுக்குச் சொல்ல ஓர் அக்கா இல்லை. உனக்கு இருந்தாள். அவ்வளவுதான். பொங்கலுக்கு வா. வாழைக்காய் வறுவல் செய்து வைக்கிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உறவில், யார் வீட்டிலாவது தொட்டிக்குள் நட்சத்திர ஆமை இருந்தால், சண்டை போடாமல் முதலில் அந்த 83 வருடக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார்கள். கேட்காவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பேச்சு நின்றுபோகலாம். பேச்சு திரும்ப வரும். ஆமை வராது.

சரி, மணி அடித்துவிட்டது. கலைந்து போகலாம்.